கம்பியில் வந்த காவிரி – 6: சீறும் பொறி

சென்ற வாரம் 1902 ஜூன் 30-இல் நிறுத்தியிருந்தோம். சிவசமுத்திரத்தில் காவிரி விழ, டர்பைன் சுற்ற, 147 கிலோமீட்டருக்கு அப்பால் கோலார் தங்கவயலின் எந்திரங்கள் ஓடத் தொடங்கின. அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பிடிவாதமாக நின்று இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயருக்கு அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரிலிருந்து நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குள்தான் தங்கவயல். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள் அந்தக் குழிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் வந்தது, கூடவே இன்னொன்றும் வந்தது என்று எழுதி முடித்திருந்தேன். அது என்ன என்று பல வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். அது ஒரு சத்தம். ‘உஸ்ஸ்’ என்ற சீறல். அந்தச் சீறலுக்குக் காரணம் கண்டவர் ஒரு பெண். அவரிடமிருந்து தொடங்கினால்தான், இன்று மத்தூரில் ஒரு ஒயர்மேன் டிபி பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படும் பாடு நமக்குப் புரியும்.

1899 மார்ச். லண்டனில் மின் பொறியாளர் சங்கத்தின் கூட்டம். ஹெர்த்தா அயர்டன் எழுந்து தன் கட்டுரையைத் தானே வாசித்தார். அந்தச் சங்கத்தில் அப்படி வாசித்த முதல் பெண் அவர். கட்டுரையின் பொருள், ஆர்க் விளக்கு ஏன் சீறுகிறது என்பது. பல்பு பரவலாகும் முன் தெருவுக்கும் பெரிய மண்டபங்களுக்கும் வெளிச்சம் கொடுத்தது ஆர்க் விளக்குதான். இரண்டு கரித்துண்டுகளை எதிரெதிரே வைத்து, நடுவே சிறு இடைவெளி விட்டால், கரண்ட் அதைத் தாவிக் கடக்கும், அந்தத் தாவல்தான் ஆர்க்; கண் கூசும் வெளிச்சம் வரும். ஆனால் திடீரென்று சீறும், மங்கும், நிறம் மாறும். கரியின் நுனியில் விழும் குழிக்குள் வெளிக்காற்றின் ஆக்சிஜன் புகுவதால்தான் சீறுகிறது என்று அயர்டன் சோதனை செய்து நிரூபித்தார். இன்னொன்றையும் அளந்து காட்டினார். சீறல் தொடங்கும் கணத்தில் வோல்ட்டேஜ் சட்டென்று இறங்குகிறது, கரண்ட் சட்டென்று ஏறுகிறது. அதாவது, ஆர்க் கம்பிக்குள்ளேயே தன் தடத்தை விட்டுவிட்டுப் போகிறது. காதை வைத்துக் கேட்க வேண்டியதில்லை, கம்பியிலேயே படிக்கலாம்.

தங்கவயலுக்குக் கரண்ட் வந்த அதே 1902-இல் ‘தி எலக்ட்ரிக் ஆர்க்’ என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி இருப்பு இல்லை என்றார்கள் வக்கீல்கள். நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது எனக்கு. நான்கு ஆண்டு கழித்து அதே சங்கம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது.

அயர்டன் ஆராய்ந்தது வேண்டுமென்றே உண்டாக்கிய ஆர்க். அது வேண்டாத இடத்தில், சுவருக்குள், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் தானாகவே பிறந்தால் யார் படிப்பது?

●

அந்தக் கேள்விக்கு முதலில் வந்த விடை, பாதி விடைதான்.

ஆரம்பத்தில் இருந்தது பியூஸ். பீங்கான் கட்டையில் மெல்லிய கம்பி; கரண்ட் கூடினால் உருகும். நம் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்த வெள்ளைக் கட்டையும், அது போன ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா கம்பி சுற்றியதும் நினைவிருக்கும். உரிய கம்பி இல்லாமல் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றினால் அது உருகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் உருகும். 1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் இதற்கு முடிவு கட்டியது. ஒரே சுவிட்சுக்குள் இரண்டு காவல். லோடு மெதுவாக ஏறினால், சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை ட்ரிப் செய்யும். ஷார்ட் சர்க்யூட்டில் கரண்ட் ஒரேயடியாகப் பாய்ந்தால், காந்தச் சுருள் கண நேரத்தில் இழுத்துவிடும். இன்று நாம் எம்.சி.பி. என்று சொல்வது இதன் வாரிசுதான்.

நல்ல கருவி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கருவி. ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இந்த வார அத்தியாயம் முழுக்க அந்தப் புள்ளியைச் சுற்றித்தான்.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் 16 ஆம்பியர் ‘சி’ டைப் எம்.சி.பி. இருக்கிறது. உடனே ட்ரிப் ஆக வேண்டுமானால் கரண்ட் அதன் ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்குக்குள் ஏற வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். இப்போது 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. இழுப்பது நாலரை ஆம்பியருக்குள். அந்த பிளக் பாயின்டில் ஒரு ஸ்குரூ லூஸ். கரண்ட் சிறு இடைவெளியைத் தாவிக் குதிக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பம். பிளாஸ்டிக் கருகுகிறது. கரி கரண்டைக் கடத்தும், அதனால் ஆர்க் இன்னும் வசதியாக நிலைத்து எரிகிறது. எம்.சி.பி.யின் கணக்கிலோ எல்லாம் சரி. நாலு ஆம்பியர்தானே போகிறது. ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். அது பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பியதா என்று மட்டுமே பார்க்கும். இங்கே போனதெல்லாம் திரும்பிவிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவைப் பிடித்து ஆளைக் காப்பாற்றும் அந்தக் கருவிக்கு இந்தத் தீ தெரியாது.

எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் அறிந்த அடையாளங்கள் உண்டு. விளக்கு கண் சிமிட்டும். போர்டு தொட்டால் சுடும். கருகிய வாடை வரும். கவரைக் கழற்றினால் நியூட்ரல் லிங்கில் ஒரு ஸ்குரூவைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம், ஒயரின் தோல் இரண்டு அங்குலத்துக்கு மொரமொரவென்று உதிரும். ‘லூஸ் கான்டாக்ட்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெட்டி முறுக்கிவிடுவோம். அந்தச் சாதாரணம் எவ்வளவு பெரியது என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு உலோகம். அந்த உலோகத்தின் ஆலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே எழுந்தது.

●

மேட்டூர். 1934-இல் அணை, 1937-இல் மின்நிலையம். அந்த மின்சாரத்தை நம்பி, சேர்வராயன் மலை பாக்சைட்டை நம்பி 1960-களில் அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி வந்தது. நாட்டில் செம்பு போதாது. வாங்க அந்நியச் செலாவணி இல்லை. வீட்டு ஒயரிங்கில் செம்பின் இடத்தைப் பெரும்பாலும் அலுமினியம் பிடித்தது. 1970, 80-களில் கட்டிய வீடுகளில் பி.வி.சி. குழாய்க்குள்ளும் மரப் பட்டைமேலும் ஓடிய ஒயர்களில் பலவும் அலுமினியம். பழைய வீடுகளில் இன்றும் கிடக்கின்றன.

அலுமினியம் கரண்டை நன்றாகவே கடத்தும். பிரச்சினை ஸ்குரூவுக்கு அடியில். சூட்டில் செம்பைவிட அதிகம் விரிகிறது; அழுத்தினால் மெல்ல நழுவுகிறது; காற்றுப் பட்ட மாத்திரத்தில் கரண்ட் கடத்தாத ஆக்சைடு படலம் போர்த்துக்கொள்கிறது. ராத்திரி விரிந்து, பகலில் சுருங்கி, சில வருஷத்தில் இறுக்கம் தளர்கிறது. அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1965 முதல் 1973 வரை செம்பு விலை ஏறி, லட்சக்கணக்கான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். 1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பிளக் பாயின்டில் இருந்த அலுமினிய இணைப்பே காரணம் என்றார்கள். அதன்பின் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு செய்வித்தது. 1972-க்கு முந்தைய அலுமினிய ஒயரிங் வீட்டில் ஓர் இணைப்பாவது தீ அபாய நிலைக்குப் போகும் வாய்ப்பு, செம்பு வீட்டைவிட 55 மடங்கு என்றது முடிவு.

55 மடங்கு. அந்த எண் வந்த பிறகும், அங்கேயும் இங்கேயும் இணைப்பைக் காவல் காக்கும் கருவி எதுவும் சந்தைக்கு வரவில்லை. அதற்குள் டெல்லியில் ஒரு சுத்தியல் அடி விழுந்தது.

●

1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க், உபஹார் தியேட்டர். கார் நிறுத்துமிடத்தில் மின்வாரியத்தின் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். விடிந்து ஏழு மணிக்குள் அதில் தீப்பிடித்தது, அணைத்தார்கள். பத்தரை மணிவாக்கில் பழுதுபார்க்க ஆள் வந்தது. ‘பி’ பேஸ் கேபிளின் இரண்டு அலுமினிய லக்குகளை மாற்ற வேண்டும். லக்குக்குள் கேபிளைச் செருகி, கிரிம்பிங் மிஷின் வைத்து நெரித்தால் இரண்டும் ஒரே உலோகம் போல ஆகிவிடும். அன்று மிஷின் இல்லை. டை வைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். பதினொன்றரைக்கு சப்ளை கொடுத்தாயிற்று.

தட்டிய லக்கு பார்ப்பதற்கு நெரித்த லக்கு மாதிரியேதான் இருக்கும். உள்ளே கம்பிகளுக்கு இடையில் காற்று. லோடு ஏற ஏற அந்தக் காற்றிடைவெளியில் பொறி. மூன்று மணிக் காட்சி, ‘பார்டர்’ படம், பால்கனி நிறைய ஆட்கள். ஐந்து மணிவாக்கில் கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டர் மேல் விழுந்தது. துளை விழுந்து எண்ணெய் ஒழுகித் தீப்பற்றியது. புகை மேலே ஏறியது. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சு முட்டி. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் இந்த லக்கு விவரம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. பாதைகள் அடைபட்டதும் அவசர விளக்கு இல்லாததும்தான் சாவைப் பெருக்கின; ஆனால் தொடக்கம் அந்த நெரியாத லக்கில்.

நம் ஊருக்கு வந்தால், 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். மாடியில் கீற்றுப் பந்தலின் கீழே கல்யாணம். வீடியோ விளக்குக்கு இழுத்த ஒயரில் பொறி தட்டியது. இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு. மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் கீற்றை எடுத்தார்கள், வாசலை அகலப்படுத்தினார்கள், தீயணைப்புச் சான்று கேட்டார்கள். எல்லாமே சரியானவை. ஆனால் அந்த ஒயரின் பொறியைத் தொடங்கிய கணத்திலேயே அறுக்க ஒரு சுவிட்ச் அப்போது உலகத்தில் இருந்ததா?

இருந்தது. ஆனால் அதற்குக் காது பாதிதான் கேட்டது.

●

1990-களில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அப்படியொரு சுவிட்சைத் தேடி இறங்கியது. யோசனை எளிது. நம் வீட்டு மாறுமின்சாரம் ஒரு விநாடிக்கு 50 சுற்று. அதனால் கரண்ட் விநாடிக்கு 100 தடவை சுழியைத் தொடுகிறது. தொடும்போதெல்லாம் ஆர்க் அணைகிறது. வோல்ட்டேஜ் போதுமான அளவு ஏறியதும் மறுபடி பிடிக்கிறது. அணைந்து பிடிக்கும் அந்த இடைவேளை, அலையில் சிறு தட்டையாகப் பதியும். அதோடு உயர் அதிர்வெண் இரைச்சலும் இருக்கும். அயர்டன் மீட்டர் முள்ளில் பார்த்த தடத்தை ஒரு சின்ன கம்ப்யூட்டர் சில்லு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். மிக்சியைப் போடுங்கள், கார்பன் பிரஷ்ஷில் நீலப் பொறி பறக்கும். டிரில்லிங் மிஷினிலும் அப்படித்தான். அதுவும் ஆர்க்தான், ஆனால் வேலையின் பகுதி. சட்னி அரைக்கும்போதெல்லாம் வீடு இருண்டால் அந்தக் கருவியை யார் வைத்துக்கொள்வார்கள்? நல்ல ஆர்க்கையும் கெட்ட ஆர்க்கையும் பிரிக்கக் கற்பதில்தான் வருஷங்கள் போயின.

1999-இல் யு.எல். 1699 என்ற சோதனை விதி வந்தது. அமெரிக்க மின் விதித்தொகுப்பு, 2002 ஜனவரி 1 முதல் புது வீடுகளின் படுக்கையறைப் பிளக் பாயின்டுகளுக்கு ஆர்க் பால்ட் பிரேக்கரைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த முதல் தலைமுறைக் கருவிகள் பேஸும் நியூட்ரலும் உரசிப் பாயும் பெரிய ஆர்க்கை, 75 ஆம்பியர் அளவில், பிடிக்கவே உருவானவை. லூஸ் ஸ்குரூவின் நாலைந்து ஆம்பியர் சீறல் அதற்குக் கேட்காது. எதற்காக இத்தனை பாடுபட்டார்களோ, அதையே விட்டுவிட்டது. 5 ஆம்பியர் வரை கேட்கும் ‘காம்பினேஷன்’ வகை கட்டாயமானது 2008 ஜனவரியில்தான். நம் மாதிரி 230 வோல்ட் நாடுகளுக்கான ஐ.இ.சி. 62606 விதி 2013-இல் வந்தது. அதில் இந்தக் கருவியின் பெயர் ஏ.எஃப்.டி.டி. இரண்டரை ஆம்பியர் ஆர்க்கை 1 விநாடிக்குள், 5 ஆம்பியரை அரை விநாடிக்குள், 32 ஆம்பியரை 0.12 விநாடிக்குள் அறுக்க வேண்டும். இங்கிலாந்து 2022-இல் உயர் அடுக்குமாடி வீடுகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றின் பிளக் சர்க்யூட்டுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

கருவி தயார். மாட்டினால் முடிந்தது. மாட்டப் போன எலெக்ட்ரீஷியனுக்குப் பெட்டிக்குள் வேறு ஒரு சிக்கல் காத்திருந்தது.

●

அமெரிக்கப் பேனலில் பிரேக்கரை நேரே பஸ்பாரின் உலோக நாக்கில் அழுத்திச் செருகுவார்கள். ஒவ்வொரு கம்பெனியின் நாக்கும் ஒவ்வொரு வடிவம். வேறு கம்பெனி பிரேக்கரும் சில சமயம் உள்ளே போய் உட்காரும்; பிடிப்பு மட்டும் சரியாக இருக்காது. அதனால் பேனல் கதவின் உட்புறச் சீட்டில் எந்தெந்தப் பிரேக்கர் என்று அச்சிட்டிருக்கும், அதுவே சட்டம். மூடிப்போன கம்பெனிகளின் பழைய பேனல்கள் பலவற்றுக்கு ஆர்க் பால்ட் பிரேக்கரே கிடையாது. முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறும்.

நம்மிடம் அந்த நாக்கு இல்லை. 35 மில்லிமீட்டர் டின் ரயில். எந்தக் கம்பெனி எம்.சி.பி.யும் ‘டக்’கென்று மாட்டும். ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரயில் தாங்கும், கரண்ட் கொடுக்காது. கரண்ட் கொடுப்பது அடியில் ஓடும் சீப்பு பஸ்பார். அதன் பல் ஒரு கம்பெனியில் பின் வடிவம், இன்னொன்றில் கவை வடிவம். டெர்மினல் வாயின் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும். வரிசையில் ஐந்து ஒரே கம்பெனி, ஆறாவது வேறு கம்பெனி என்றால், ஆறாவதின் பல் கிளாம்புக்குள் முழுசாகப் போகாமல் விளிம்பில் நிற்கலாம், கிளாம்புக்குப் பின்னாலேயே போய்விடலாம். ஸ்குரூ இறுகிவிடும், கை இறுகியதாகவே சொல்லும். உள்ளே பல் ஆடும். பொறியைப் பிடிக்க வாங்கிய கருவியின் காலடியிலேயே பொறி பிறக்கும். ஐ.இ.சி. 61439 விதி, பெட்டியையும் உள்ளே உள்ள கருவிகளையும் சேர்த்து ஒன்றாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். கலந்து மாட்டினால் அந்தச் சோதனைச் சான்று அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

மத்தூர், கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை சாலையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் போச்சம்பள்ளி சிப்காட், இன்னொரு பக்கம் மாந்தோப்பும் மாங்கூழ் ஆலையும். ஓசூரில் 1970-களில் சிப்காட் வந்து, 1980 வாக்கில் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து, இந்த வட்டாரத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்து அங்கே போய்ப் பெரிய பேனல்களைக் கற்றார்கள். தொழிற்சாலையில் டார்க் ஸ்குரூடிரைவர் உண்டு; எத்தனை நியூட்டன்-மீட்டர் என்று அளந்து இறுக்குவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை தெர்மல் கேமரா வைத்துப் பார்ப்பார்கள். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து ஒரு வீட்டு டிபியைத் திறக்கும்போது கையில் இருப்பது டெஸ்டரும் கட்டிங் பிளேயரும். அறிவு குறையவில்லை, நேரமும் கூலியும்தான் குறைவு. அந்த அறிவுக்கு உரிய கூலியைக் கொடுக்க நாம் பழக வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஏ.எஃப்.டி.டி. அங்கே இன்னும் இரண்டு இடத்தில் முட்டும். ஒன்று, இடம். எம்.சி.பி. 18 மில்லிமீட்டர் அகலம், ஒரு வே. ஏ.எஃப்.டி.டி. பலவும் இரண்டு வே, பழைய மாடல்கள் மூன்றும் கேட்கும். நிரம்பிய எட்டு வே பெட்டியில் எங்கே வைப்பது? இரண்டு, நியூட்ரல். ஏ.எஃப்.டி.டி.க்குத் தன் சர்க்யூட்டின் பேஸும் வேண்டும், அதே சர்க்யூட்டின் நியூட்ரலும் வேண்டும். நம் பழைய வீடுகளில் ஹாலின் நியூட்ரலும் சமையலறை நியூட்ரலும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கிடக்கும். கசிவுக் காவலும் சேர்ந்த மாடலை மாட்டினால் உடனே விழும். “என்ன தம்பி, புது சுவிட்ச் போட்டதிலிருந்து கரண்ட் நிக்கவே மாட்டேங்குது” என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். நியூட்ரலைப் பிரிக்கச் சுவரைக் கொத்த வேண்டும். கொத்த வேண்டாம் என்றால் அடுத்த நாள் கருவி கழன்று பழைய எம்.சி.பி. திரும்ப ஏறும்.

பெட்டியை மாற்றி, சீப்பை அதே கம்பெனியில் வாங்கி, நியூட்ரலைப் பிரித்துப் போட்ட வீடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். காது முழுசாகக் கேட்கும் கருவி. இனிப் பயமில்லையா?

அந்தக் காது எதை நம்பி இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். விநாடிக்கு 100 தடவை கரண்ட் சுழியைத் தொட வேண்டும். ஆர்க் அணைந்து பிடிக்க வேண்டும். இப்போது நம் மொட்டை மாடிகளில் ஏறிக்கொண்டிருக்கும் சோலார் பலகையிலிருந்து இறங்கும் ஒயரில் ஓடுவது நேர்மின்சாரம். அது சுழியைத் தொடுவதே இல்லை. பிடித்த ஆர்க் அணைவதற்குக் காரணமே கிடையாது.

2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பெரிய கடையின் கூரைமேல் சோலார் பலகைகள் எரிந்தன. அங்கே வைத்திருந்த பாதுகாப்பு பியூஸ் விதிப்படி இருந்தது, விதிப்படியே உருகியது. அதற்குப் பிறகும் தீ எரிந்தது. எப்படி?

(அடுத்த வாரம்: சுழியில்லாத கரண்ட்)